210 என்று எழுதினேன்

என் விமானத்தின் லாக் புத்தகத்தில், நாற்பதாவது மணி நேரப் பதிவுக்குக் கீழே, நானே எழுதிய ஒரு வரி இருக்கிறது: மணிக்கு 210 மைல் வரை பறந்து பார்த்தாயிற்று, அதிர்வு ஏதும் இல்லை. அது பொய். நான் 180-ஐத் தாண்டவே இல்லை.

கலிபோர்னியாவில் லிவர்மோர் விமான நிலையத்து ஹேங்கர் ஒன்றில் ஆறு வருடம் கட்டிய விமானம். இரண்டு இருக்கை, அலுமினியத் தகடு, ஆயிரக்கணக்கில் ரிவெட். வீட்டில் கட்டிய விமானத்தில் பயணியை ஏற்றுவதற்கு முன் அமெரிக்கச் சட்டம் ஒரு சோதனைக் காலம் வைக்கிறது. என் எஞ்சினும் புரொப்பெல்லரும் ஒன்றாகச் சான்று பெற்ற ஜோடி அல்ல. அதனால் எனக்கு 40 மணி நேரம். அது முடிந்ததும், எல்லா வேகத்திலும் சொன்னபடி கேட்கிறது, ஆபத்தான குணம் எதுவும் இல்லை என்று கட்டியவனே எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். கூட நின்று பார்ப்பவர் யாரும் கிடையாது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இன்னொருவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருகிறார்.

வேகமானியில் தாண்டவே கூடாத வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோடு என் விமானத்துக்கு 210. அதுவரை போவது எப்படி என்று எனக்குத் தெரியும். பாராசூட் கட்டிக்கொண்டு உயரே ஏறி, மூக்கைத் தாழ்த்தி, ஐந்து ஐந்து மைலாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டி, ஆட்டம் உடனே அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 180-ல் காற்றின் இரைச்சல் வேறு மாதிரி ஆனது. வயிற்றைப் பிசைந்தது. திரும்பிவிட்டேன். நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன், போகவில்லை. பயமாக இருக்கிறது என்று ஹேங்கர் நண்பர்களிடம் சொல்லியிருந்தால் யாராவது வழி காட்டியிருப்பார்கள். வெட்கம் சொல்லவிடவில்லை. 210 என்று எழுதி மூடிவைத்தேன்.

மனதைத் தேற்ற ஒரு கணக்கும் வைத்திருந்தேன். இறக்கை, விமான எடையைப்போல் 3.8 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும், அதற்கும் மேல் ஒன்றரை மடங்கு பத்திரம், ஆக 5.7. இவ்வளவு மிச்சம் இருக்கிறதே என்று. நான் அதிர்வியல் படித்த மெக்கானிக்கல் எஞ்சினியர். அந்த மிச்சம் பாரத்துக்கு உரியது, வேகத்துக்கு அல்ல என்பது எனக்குத் தெரியாததல்ல. சிவப்புக் கோடு என்பது, வடிவமைத்தவர் சோதனையில் பாய்ந்து காட்டிய டைவ் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு; இடைவெளி அவ்வளவுதான். அந்த இடைவெளியைத் தாண்டினால் காத்திருப்பது ஃப்ளட்டர். வாலின் பின்பக்கம் கீலில் அசையும் எலிவேட்டரைக் காற்று அசைக்க, அந்த அசைவு வாலை முறுக்க, முறுக்கிய வால் காற்றிலிருந்து இன்னும் பலத்தை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பாரத்தைத் தாங்கும் வாலும் சில விநாடிகளில் பிய்ந்துபோகலாம். 1940-ல் டகோமா பாலம் முறுக்கி முறுக்கி விழுந்த படத்தை வகுப்பில் பார்த்து, பரீட்சையிலும் எழுதியவன் நான்.

எலிவேட்டர் அப்படி ஆடாதிருக்க, கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்துச் சமன் செய்திருப்பார்கள். பெயின்ட் அடித்தால் கீலுக்குப் பின்னால் எடை ஏறும். மறுபடி சமன் பார்த்தாக வேண்டும். சோதனைக் காலம் முடிந்ததும் பெயின்ட் அடித்தேன். சமன் பார்க்கவில்லை. ஒரு சாயங்கால வேலை அது.

அந்தக் கோடையில் தூத்துக்குடியிலிருந்து மச்சினன் வந்தான். பயணிகளுக்காக உள்ளே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை, இது தனி ஆள் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி அமைந்ததல்ல என்பதை, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இதெல்லாம் சும்மா எழுதியிருக்கிறதுதானே அத்தான்?" என்றான். "எல்லாம் சோதிச்சாச்சுடா, ஏறு" என்றேன்.

டாஹோ ஏரியைக் காட்டத்தான் போனோம். சியர்ரா நெவாடாவுக்கு மேலே 11,500 அடி. அந்த நீலத்தைப் பார்த்ததும் அவன் பேச்சே நின்றுவிட்டது. கார்சன் சிட்டி பக்கம் இறங்க ஆரம்பித்தேன், எஞ்சினைக் குறைக்காமலே. முள் 190-ல் நின்றது. கோட்டுக்கு இன்னும் 20 மைல் இருக்கிறது என்ற நினைப்பு. ஆனால் வடிவமைத்தவர் கொடுத்த 210 உண்மை வேகம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், முள் 190 காட்டும்போது நாங்கள் நிஜத்தில் போனது சுமார் 226. ஃப்ளட்டருக்கு அந்த உண்மை வேகம்தான் கணக்கு. போதாததற்கு, மலையின் கிழக்குச் சரிவில் காற்று அலையலையாக விழும் இடம் அது. வேகமானியில் அமைதியான காற்றுக்கு மட்டுமான மஞ்சள் பட்டைக்குள்ளேயே நான் போயிருக்கக் கூடாது.

ஸ்டிக் நடுங்கியது. மாவு மில்லில் ஓடும் மெஷின் மேல் கை வைத்தது போல. காற்றின் குலுக்கல் இல்லை என்று கைக்குத் தெரிந்தது. த்ராட்டிலை இழுத்து, மூக்கை மெல்ல, மிக மெல்லத் தூக்கினேன். நாலைந்து விநாடி. அடங்கியது.

"என்ன அத்தான்?"

"காத்துதான்" என்றேன்.

கார்சன் சிட்டியில் இறங்கி, வானிலை சரியில்லை என்று இன்னொரு பொய் சொல்லி, வாடகைக் காரில் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அடுத்த வாரம் தனியாகப் போய் எலிவேட்டர்களைக் கழற்றிச் சமன் பார்த்தேன். இரண்டுமே பின்விளிம்பு பக்கமாகச் சாய்ந்து தொங்கின.

லாக் புத்தகத்தில் அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, 180 என்று எழுதி, தேதி போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரையும் ஏற்றவில்லை. தன் தம்பியை எப்படிப்பட்ட விமானத்தில் கூட்டிப்போனேன் என்று என் மனைவிக்கு இன்று காலைதான் சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை. மச்சினனின் வாட்ஸ்அப் முகப்பில் இன்னும் அந்த ஏரிதான் இருக்கிறது, ஓரத்தில் நான் பெயின்ட் அடித்த இறக்கையோடு. பத்திரிகைக்கு அனுப்பும் முன் இதை அவனுக்கு அனுப்புகிறேன்.