மணலுக்கு அடியில் ஓடும் ஆறு... பாலாற்றுக்காக 30 வருடங்களுக்கு மேல் கோர்ட் படியேறிய வேலூர்க்காரர்கள்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வாலாஜாபேட்டை என்றால் டோல்கேட். ஃபாஸ்டாக் 'பீப்' அடித்ததும் ஊரும் மறந்துவிடும். ஆனால், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது இங்கே உள்ள வாலாஜா ரோடு ஸ்டேஷனில்தான். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமக்கும் ஊர் இது. 1866-லேயே நகராட்சியாகிவிட்டது.

ஊருக்குத் தெற்கே பாலாறு. முதல்முறை பார்க்கிறவர்கள், "ஆறு எங்கே?" என்றுதான் கேட்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், நடுவில் சீமைக் கருவேலம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது, ஊர் ஊராக ஜனங்கள் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். தண்ணீர் ஓடுவதே அதிசயமாகிவிட்ட ஆறு!

ஆனாலும், பாலாற்றை வறண்ட ஆறு என்று சொல்வது பாதிதான் சரி. இதன் தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கிறது. மழை பெய்தால் மணல் குடித்துக்கொள்ளும், கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அந்தக் காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, சுரக்கும் தண்ணீரை வயலுக்குத் திருப்பினார்கள். வாலாஜாவுக்கு அருகே 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி என்று பல்லவர் காலத்து ஏரிகள் வரைக்கும் போகின்றன. கர்நாடகாவில் பிறந்து, ஆந்திரா வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு, கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலைத் தொடுகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். இதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில்தான். மேலே தடுப்பணைகள், கீழே மணல் கொள்ளை என்று இந்த ஆற்றுக்கு எதிரிகள் பலர். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் கேட்டால் முதலில் வரும் வார்த்தை, தோல்.

தோல் பதனிடுவது இங்கே பழைய தொழில். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் சரக்கு. 1970-களில் மத்திய அரசு, 'பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்டதாகவும் அனுப்பாதீர்கள், முழுதாக முடித்து ஏற்றுமதி செய்யுங்கள்' என்று கொள்கையை மாற்றியது. டாலர் வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. ஒரு கிலோ தோலை முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் என்று பின்னாளில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்தது. தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு வேறு. அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது மகா கஷ்டம். அத்தனையும் ஆற்றிலும் ஓடையிலும் விடப்பட்டது. மேலே ஓடும் ஆறாக இருந்தால் வெள்ளம் கொஞ்சம் அடித்துக்கொண்டு போயிருக்கும். இது மணலில் இறங்கி, கிணற்றில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் களத்துக்கு வந்தது. கட்சியும் இல்லை, பணபலமும் இல்லை. 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார்கள். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா வாதாடினார். டேனரி பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு கோர்ட்டின் முன் வந்தது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூடல், 'கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும்' என்ற விதி. இன்று நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடந்தாலும் 'வேலூர் கேஸ்' இல்லாமல் நடக்காது. சி.எம்.சி-க்கும் கோட்டைக்கும் இருக்கும் பெயரில் கால்வாசிகூட இந்த வழக்குக்கு உள்ளூரில் இல்லை என்பதுதான் வேடிக்கை!

தீர்ப்பு வந்தால் போதுமா? நஷ்டத்தைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 547 டேனரிகள் 29,193 பேருக்கு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2001-ல் அது சொன்னது. சராசரி போட்டுப் பாருங்கள். ஆளுக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. உப்பேறிய கிணற்றுக்கும் தரிசான கழனிக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம்.

ராணிப்பேட்டையின் கதை தனி. அங்கே சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் 2 லட்சம் டன்னுக்கு மேல். ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து நிலத்தில் இறங்கியது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. சுத்திகரிப்பு என்ற பெயரிலும் உயிர்ப்பலி நடந்தது. 2015 ஜனவரி 31-ம் தேதி அங்கே ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இதில் டேனரியை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவதும் அந்தச் சம்பளத்தில்தான். ஒரே வீட்டில் அப்பாவுக்கு டேனரி வேலையும் தாத்தாவுக்குக் கெட்டுப்போன கிணறும் இருந்தால் யார் பக்கம் பேசுவது? அதனால்தான் இந்தப் போராட்டம் பெரிய ஊர்வலமாக மாறாமல், சிலரின் கையில் இருந்த கோர்ட் கட்டாகவே நீண்டது போலிருக்கிறது.

அந்தக் கட்டை அடுத்துச் சுமந்தது வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. உயர் நீதிமன்றம் தாண்டி மறுபடியும் டெல்லி. 2025 ஜனவரி 30-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைத் தொடர்ந்து கண்காணிக்கவும் உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையில் 34 வருடங்கள்!

பாலாற்றுப் படுகையிலேயே வேறு மாதிரி ஒரு வேலையும் நடந்திருக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, சிமென்ட் உறை வைத்து மழைநீர் செறிவூட்டும் கிணறுகளைக் கட்டினார்கள். ஓடிவரும் தண்ணீரை மணலுக்கு அடியில் அனுப்புவதுதான் கணக்கு. 2021 செப்டம்பரில் பிரதமரின் 'மன் கி பாத்' வானொலிப் பேச்சில் இந்த நதி பெயர் சொல்லப்பட்டது.

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வாலாஜா பக்கம் போனால், டோல்கேட்டோடு திரும்பிவிடாதீர்கள். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைப் பாருங்கள், அப்படியே காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்குப் போங்கள். அணைக்கட்டுக் கால்வாயில் தண்ணீர் வந்த வருடம் என்றால், அக்கரை தெரியாமல் ஏரி ததும்பிக் கிடக்கும். கால்வாய் காய்ந்த வருடம் என்றால், ஏரிக்குள் மாடு மேயும்.