சிந்திய சர்பத்தும் சினம் காத்தலும்

 

பிள்ளைகளின் படிப்புக்கென மடிக்கணினி வாங்கிய இல்லங்கள் இன்று பல. அது இருக்கும் மேசையில்தான் தேநீரும் தண்ணீரும் வைக்கப்படுகின்றன. அவை அதன்மீது கவிழ்ந்தால் செய்ய வேண்டியதை வீட்டிலுள்ள சிறுவர்களும் அறிந்திருத்தல் நலம்.

சென்ற ரமலானில் என் தங்கையின் இல்லத்தில், நோன்பு திறந்த வேளையில், அவளுடைய 12 வயது மகன் நன்னாரி சர்பத்தை அக்காளின் மடிக்கணினி மீது கொட்டிவிட்டான். வாப்பாவின் கோபத்துக்கு அஞ்சி, மேலாகத் துடைத்து மூடிவைத்துவிட்டுத் தராவீஹ் தொழப் போய்விட்டான். மறுநாள் கணினி இயங்கவில்லை. கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ஆய்வேடு முழுவதும் அதற்குள் இருந்தது.

பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார். சர்க்கரைப் பாகு உலர்ந்து ஒட்டியிருந்தது. செம்பு இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. மூடிவைத்த கணினி பெரும்பாலும் உறங்கும் நிலைக்கே செல்கிறது. மின்சாரம் உள்ளே இருந்துகொண்டேயிருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்து இணைப்புகளை அரித்துவிடுகின்றன. மின்சுற்றுப் பலகை வீணாயிற்று. தகவல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைத் தனியே கழற்ற முடிந்ததால், அல்ஹம்துலில்லாஹ், ஆய்வேடு கிடைத்தது.

நேயர்களே, நினைவில் வையுங்கள். சார்ஜர் இணைந்திருந்தால் முதலில் சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, முழுமையாக நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்ற இயலுமாயின் கழற்றுங்கள். திரையை விரித்து, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். ‘ஓடுகிறதா, பார்ப்போம்’ என்று மீண்டும் இயக்காதீர்கள். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடும் வேண்டாம். அரிசியில் புதைப்பதால் உள்ளே ஒட்டிய சர்க்கரையும் உப்பும் நீங்கா. இயன்ற விரைவில் பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பித்தால், திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தூய்மை செய்வார். பேட்டரி உப்பினாலோ சுட்டாலோ அதனைத் தொடாமல் விலகியிருங்கள்.

இவ்வளவும் நடைபெற, கொட்டிய பிள்ளை உடனே வந்து சொல்ல வேண்டுமே! சினம் கொண்டவர் நின்றிருந்தால் உட்காரட்டும் என்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அவ்வாறு அமர்ந்து செவிமடுக்கும் பெற்றோரிடம் பிள்ளைகள் எதையும் மறைக்க மாட்டார்கள். இன்று சர்பத்தை மறைத்த பிள்ளை, நாளை இதனினும் பெரிய துன்பத்தை மறைக்க நேர்ந்தால் அதனைப் பழுதுபார்க்க எந்தக் கடைக்குச் செல்வோம்?

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பொறுமையை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.