ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாய்கள் ஓடி விளையாடும் உலகப் புகழ் கோல்ஃப் மைதானம்!

1946-ம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருடம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சின்ன ஊரை நோக்கி ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதில் அமெரிக்காவின் நட்சத்திர கோல்ஃப் வீரர் சாம் ஸ்னீட் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே மேடும் பள்ளமுமாக ஒரு வறண்ட புல்வெளி தெரிந்தது. 'யாரோ கைவிட்டுப்போன பழைய மைதானம் மாதிரி இருக்கிறதே' என்ற ரீதியில் அவர் கேட்டுவைக்க, உடன் வந்த பயணிக்கு வந்ததே கோபம்!

காரணம், அதுதான் 'ஓல்டு கோர்ஸ்'. கோல்ஃபின் தாய்வீடு என்று உலகம் கொண்டாடும் இடம். ஸ்னீட் ஓபன் போட்டியில் ஆட வந்ததும் அங்கேதான்.

ஸ்னீடைக் குறைசொல்லவும் முடியாது. முதல்முறை பார்க்கிற பலருக்கும் இந்த மைதானம் ஏமாற்றம்தான். வரிசையாக மரங்கள் இல்லை, ஏரி இல்லை, அருவி இல்லை. கடலோர மணல்மேட்டில் புல் முளைத்த நிலம், அவ்வளவுதான். முதல் பாதையையும் கடைசிப் பாதையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுச்சாலைகூடப் போகிறது. பந்தை அடிக்கும் முன் யாராவது நடந்து போகிறார்களா என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு கோல்ஃப் சுற்றுக்கு 18 குழிகள் என்ற கணக்கு பிறந்ததே இங்கேதான். 1764 வரை இங்கே ஒரு சுற்றுக்கு 22 குழிகள். தொடக்கத்தில் இருந்த நான்கு சின்னக் குழிகளை இரண்டாக்கினார்கள். போகும்போது இரண்டு, திரும்பும்போது இரண்டு எனக் குறைந்து, 22 என்பது 18 ஆனது. அதையே பிறகு உலகம் பின்பற்றியது.

இன்னொரு வேடிக்கை. குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டப்பட்ட புல்தரையை 'கிரீன்' என்பார்கள். வழக்கமாகக் குழிக்கு ஒன்று இருக்கும். இங்கே ஏழு இடங்களில், ஒரே பெரிய கிரீனில் இரண்டு குழிகள். அந்த இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டிப் பாருங்கள். 2-ம் 16-ம், 3-ம் 15-ம், 8-ம் 10-ம்... எதைக் கூட்டினாலும் 18தான் வரும்!

பந்தை விழுங்கக் காத்திருக்கும் மணல் பள்ளங்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். அதில் ஒன்றின் பெயரே 'நரகம்'. பல பள்ளங்கள் தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. எங்கே அடிக்கக் கூடாது என்பது ஆடி ஆடித்தான் புரியும்.

ஜெயித்தவரும் தோற்றவரும்

ஸ்னீட் அந்த ஆண்டு பட்டத்தை ஜெயித்தார். ஆனால், அடுத்த ஆண்டு அதைத் தக்கவைத்துக்கொள்ள அவர் ஓபன் போட்டிக்கு வரவே இல்லை. பரிசுப் பணம் பயணச் செலவுக்கே போதவில்லை என்பது அவரது கணக்கு.

இதற்கு நேர்மாறான கதை பாபி ஜோன்ஸுடையது. 1921-ல் அவர் இங்கே முதன்முதலாக ஓபன் போட்டியில் ஆடியபோது வயது 19. மூன்றாவது சுற்றில், 11-வது குழிக்கான ஆட்டத்தில் மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டார். பொறுமை போய், பந்தை எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். மைதானத்தின் மீது அன்று அவருக்கு எரிச்சல்தான்.

ஆனால், அவர் திரும்பி வந்தார். 1927-ல் இங்கே ஓபன் பட்டம் வென்றார். 1930-ல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் இங்கேயே வென்றார். அதே ஆண்டில் ஓய்வும் பெற்றுவிட்டார். 1936-ல் சும்மா ஒரு சுற்று ஆடிவிட்டுப் போகலாம் என்று அவர் வந்தபோது, செய்தி பரவி ஊரே மைதானத்துக்குத் திரண்டது. பரிசு இல்லை, கோப்பை இல்லை. அவர் ஆட வந்திருக்கிறார், அதுவே போதுமானதாக இருந்தது.

1958-ல் இந்த ஊர் அவரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது. அமெரிக்கர்களில் அதற்கு முன் அந்தப் பெருமை பெற்றவர், 1759-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அப்போது முதுகுத்தண்டு நோயால் ஜோன்ஸால் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. வாழ்க்கையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் அனுபவங்கள் மட்டும் மிஞ்சினால் தனக்கு அதுவே நிறைவான வாழ்க்கை என்ற பொருளில் அன்று பேசினார். எரிச்சலில் பந்தைப் பொறுக்கிக்கொண்டு போன அதே மைதானத்தைப் பற்றித்தான்!

முயலிடமிருந்து மீட்ட ஊர்

'பெரிய மைதானம்' என்று யாராவது முத்திரை குத்தியதால்தான் இது பிழைத்ததா? இல்லை. இங்கே விளையாடும் உரிமை ஊர்மக்களுடையது என்பது 1552-ம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. ஆனால், 1797-ல் கடனில் தத்தளித்த ஊர் நிர்வாகம் நிலத்தைக் கைமாற்ற, அது முயல் வளர்க்கும் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல்கள் வளை தோண்டித் தோண்டி மைதானத்தைச் சல்லடையாக்கின. ஊர்மக்கள் விடவில்லை. கைகலப்பு, கோர்ட், வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகுதான் பிரச்னை ஓய்ந்தது. 1894-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஊரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

அன்று சண்டை போட்டவர்களிடம் 'உலகின் தலைசிறந்த 100 மைதானங்கள்' பட்டியல் எதுவும் இல்லை. சாயங்காலம் ஆடுவதற்கு அவர்களுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. உலகப் பெருமை எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

பக்கத்திலேயே ஒரு இமயமலை

ஓல்டு கோர்ஸை ஒட்டி, கடற்கரைக்குப் போகும் வழியில் இன்னொரு புல்வெளி. பெயர் 'இமயமலை'! மேடு பள்ளங்களில் பந்தை உருட்டி மட்டும் ஆடும் இடம். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகல்ல என்று நினைத்த காலத்தில், 1867-ல் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட கிளப்பின் மைதானம் இது. இன்று சில பவுண்டுகள் கொடுத்தால் மட்டையும் பந்தும் கையில் தருவார்கள். தாத்தாவும் பேரனும் ஒன்றாக ஆடலாம். நேராக உருட்டிய பந்து மேட்டில் ஏறி, வளைந்து, திரும்பக் காலடிக்கே வந்து நிற்கும். சிரிக்காமல் இருக்க முடியாது.

பக்கத்து ஓல்டு கோர்ஸில் சீசன் நேரத்தில் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல். பணம் இருந்தாலும் உடனே இடம் கிடைத்துவிடாது. பலர் நம்பியிருப்பது, இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலைத்தான். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் சலுகைக் கட்டணத்தில் ஆண்டு டிக்கெட் உண்டு.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'இதையும் ஆடி முடித்தாயிற்று' என்று டிக் அடிக்க வருகிறவர்கள் இங்கே நிறைய. அதில் தப்பில்லை. ஆனால், ஒரே ஒரு சுற்றில் இதன் பெருமை பிடிபடாவிட்டால் வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஜோன்ஸுக்கே ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் இங்கே ஜெயிக்க முடிந்தது. பிடித்திருந்தால் திரும்ப வரத் தோன்றும். திரும்பத் திரும்ப வந்தால் பெருமை தானாகப் புரியும்.

போகிறவர்களுக்கு...

இப்போது செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. எடின்பரோவிலிருந்து சுமார் ஒரு மணி நேர ரயில் பயணத்தில் லூகர்ஸ் ஸ்டேஷன், அங்கிருந்து பஸ்.

கோல்ஃபே தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை போங்கள். பெரிய போட்டிகள் நடக்கும் நாட்கள் தவிர, ஞாயிறன்று ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்று அது ஊரின் பூங்கா. நாய்கள் ஓடும், குழந்தைகள் உருளும், குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு உட்காரும். உலகச் சாம்பியன்கள் நின்று கையசைத்த ஸ்வில்கன் கல்பாலத்தில் நீங்களும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை.