மதிய வெயிலும் உம்மாவின் தையல் மெசினும்

2022ஆம் ஆண்டு நோன்பு தொடங்குவதற்கு மூன்று நாட்கள் முன்பு நாட்டில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் அதைச் சட்டைகளால் எண்ணினோம். உம்மா தைப்பவர். பெருநாளைக்கென்று அயலார் கொடுத்த துணிகள் மேசையில் குவிந்து கிடந்தன. மோட்டர் பூட்டிய மெசின் சும்மா நிற்க, மூத்தம்மாவின் பழைய கால் மெசினுக்கு எண்ணெய் விட்டு உம்மா தைத்தார். டோர்ச் பிடிப்பது என் வேலை. கை சற்று அசைந்தாலும் ஏச்சு விழும்.

எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. ஆனால் ஏறாவூர் வாவிக்கரையில் வெயிலுக்கு மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இருக்கவில்லை. "இந்த வெயில என்னத்துக்கு வீணாக்குற?" என்று வாப்பா அப்போது தொடங்கியவர், இன்னும் விடவில்லை.

2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வந்தபோது, கூரையிலிருந்து கொடுக்கும் ஓர் அலகுக்கு முதல் ஏழு வருடங்கள் 22 ரூபாய், அதன்பின் 15.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். பின்னர் விலைகள் பலமுறை மாறின. மாறும் விலையை நம்பி வளையலை அடகு வைக்க உம்மா தயாரில்லை. எனக்கோ, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கோபம். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்ற இலக்கைப் பாடசாலைப் பேச்சுப்போட்டியில் முழங்கியவள் அல்லவா நான்!

2025 ஏப்ரலில்தான் என் முழக்கம் கொஞ்சம் அடங்கியது. அம்மாதம் 5ஆம் திகதி சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் நிலையத்தின் பணிகள் தொடக்கி வைக்கப்பட்டன. முன்பு நிலக்கரி ஆலை வர இருந்து, 2016இல் அது கைவிடப்பட்ட ஊர். பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் என்று 25 மாவட்டங்களில் 5000 வணக்கத்தலங்களுக்கான கூரைச் சூரிய மின் தொகுதிகளும் அன்றே கையளிக்கப்பட்டன. எட்டு நாட்களின் பின், புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி வேண்டுகோள் வந்தது. மாமா தன் வீட்டு இன்வேர்ட்டரை நிறுத்திவிட்டு, "வெயிலயும் பூட்டி வைக்கச் சொல்றாங்க மகள்" என்று சிரித்தார்.

காரணத்தைப் பௌதிகவியல் ஆசிரியையிடம் கேட்டேன். நீர், நிலக்கரி, எண்ணெய் நிலையங்களில் பாரமான சுழலிகள் சுற்றுகின்றன. எங்காவது ஒரு கோளாறு வந்தால், அந்தச் சுழற்சியின் சடத்துவம் மின்வலையைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். நம் கூரைத் தகடுகளில் சுழல்வது எதுவும் இல்லை. விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடப்பட்டுத் தேவை குறைய, வெயில் மின்சாரத்தின் பங்கு அளவுக்கு மீறிப் போகும். அவ்வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதும் முழு நாடும் இருளானதே, நினைவிருக்கிறதா? குரங்கை நினைத்துச் சிரித்த எங்களுக்கு இந்தக் கணக்கு அன்று தெரியாது.

பகலில் மிஞ்சுகிறது, மஃரிபுக்குப் பின் தட்டுப்படுகிறது. நாம் எல்லோரும் மின்விளக்கு, விசிறி, இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் மோட்டர் என்று ஒன்றாய்ப் போடும் நேரம் அதுதான். சூரியன் அப்போது இல்லை. நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. போதாவிட்டால் எண்ணெயும் எரிகிறது. பகல் வெயிலைச் சேர்த்து வைக்கப் பற்றரிகள் வந்தால்தான் இது தீரும்.

அதுவரை எங்கள் வீட்டில் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. தைத்த உடுப்புகளை இஸ்திரி போடுவதையும் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் லுஹருக்குப் பின் மாற்றுவோம் என்றேன்.

"பில் கொறயுமா?" என்றார் உம்மா.

எங்கள் மீற்றருக்குப் பகலும் இரவும் ஒரே விலை. "இல்ல உம்மா" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு?"

நுரைச்சோலையைப் பற்றிச் சொன்னேன். அரைகுறையாகக் கேட்டார். பிறகு, மத்தியான வெக்கையில் இஸ்திரிப்பெட்டி முன் நிற்பது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாடசாலை விட்டு வந்ததும் நான் நிற்கிறேன். வியர்த்துக் கொட்டுகிறது. பரீட்சைக் காலத்தில் இரண்டு வாரம் இது தவறியும் போனது.

வளையல் இன்னும் அலுமாரியில்தான். வாப்பா இப்போது தகட்டின் விலையை விட்டுவிட்டுப் பற்றரியின் விலையை விசாரிக்கிறார்.