பழைய ஊர்தி கற்பித்த பாடம்

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’. ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்ப வேண்டும் என்பதை அரசனுக்கு வைத்து உரைக்கும் அதிகாரம் அது. பதினெட்டு ஆண்டுகளாக அதனை வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆயினும் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், என் வாழ்நாளின் மிகப் பெரிய கொள்முதலை, ஒன்றையும் ஆராயாமல் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்தேன். பழைய ஊர்தி ஒன்றை வாங்கிய கதை அது. துறை மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருமாறுதான் நண்பர்கள் கேட்டனர். எனினும் இவ்வாண்டு என் நெஞ்சில் நிற்பது இந்தச் செய்தியே. மாணாக்கர்க்கும் பெரியோர்க்கும் இது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எழுவர். முழங்கால் தேய்ந்த உம்மா, கணவரை இழந்து எங்களோடு வாழும் லாத்தா, நான், என் துணைவி, பிள்ளைகள் மூவர். மூன்று மாதத்திற்கு ஒரு முறை உம்மாவை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாழ்ந்த இருக்கையுள்ள வாடகைக் காரில் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் பெரும் வேதனை. இளைஞர்கள் ‘எஸ்.யூ.வி.’ என வழங்கும் உயரமான ஏழு இருக்கை ஊர்தி இருந்தால் நன்று எனத் தோன்றியது. புதியதை வாங்க என் வருவாய் இடந்தரவில்லை. தரகர் ஒருவர் 2016ஆம் ஆண்டின் டீசல் வண்டி ஒன்றைக் காட்டினார். ஓடிய தொலைவு 92,000 கிலோமீட்டர். விலை 6,75,000 ரூபாய். துணைவி தன் ஐந்து பவுன் வளையல்களைக் கழற்றித் தந்தாள். வளைகுடாவிலுள்ள தம்பி கைம்மாற்றாக ஒரு தொகை அனுப்பினான். எஞ்சியது என் சேமிப்பு.

வெள்ளை வண்ணம் பளபளத்தது. கதவைத் திறந்ததும் உள்ளே மல்லிகை மணம் கமழ்ந்தது. நான் கேட்ட ஒரே கேள்வி, “கடைசி விலை என்ன?” என்பதுதான்.

முதல் இரு மாதங்கள் இனிமையாகக் கழிந்தன. பின்னர்ச் சிறு சிறு தொல்லைகள் தலைகாட்டின. ஒரு நாள் கண்ணாடி பாதியில் நின்றது. மற்றொரு நாள் கதவுகளின் பூட்டு தானே திறந்துகொண்டது. மாலையில் நன்றாக ஓடிய வண்டி, காலையில் மின்கலம் வற்றிக் கிளம்ப மறுத்தது. பட்டறைக்குக் கொண்டு சென்றால் அங்கே எக்குறையும் காட்டாது. வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்கும். ஒருவர் ஆல்டர்னேட்டரை மாற்றினார்; மற்றொருவர் சென்சாரை மாற்றினார். பணம் கரைந்தது, பழுது தீரவில்லை.

இறுதியில், பாளையங்கோட்டையில் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் முதியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி என்றே அவரை அழைப்பது வழக்கம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வயதால் வரும் குறைகளை அவர் முதலில் பிரித்துச் சொன்னார். உயரமும் எடையும் மிக்க இவ்வகை ஊர்திகளில் சுமையைத் தாங்கும் புஷ்களும் பால் ஜாயின்ட்களும் வேகத்தடைகளில் அடிபட்டுத் தேயும்; ‘கடகட’ என்னும் ஓசை அதன் அடையாளம். கிளட்ச் தேய்ந்தால் என்ஜினின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. டர்போ மிக விரைவாகச் சுழலும் உறுப்பு. உரிய காலத்தில் ஆயில் மாற்றாதவரின் வண்டியில் அது நெடுநாள் உழைக்காது. டீசலைப் பேரழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்டர்கள், நீரோ தூசியோ கலந்த எரிபொருளைப் பொறுப்பதில்லை. “இதெல்லாம் முதுமை சார். செலவு பண்ணுனா சரியாயிரும். ஆனா இந்த வண்டிக்கு வேற என்னமோ இருக்கு. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க” என்றார். மறுநாள் உம்மாவுக்கு மதுரையில் மருத்துவரைக் காண வேண்டிய நாள். திரும்பி வந்து விடுகிறேன் என்று வண்டியை எடுத்துச் சென்றேன்.

அன்றிரவு மதுரையிலிருந்து திரும்பும்போது கோவில்பட்டியைக் கடந்து கயத்தாறை நெருங்கிக்கொண்டிருந்தோம். நான்கு வழிச் சாலை. திடீரென என்ஜின் நின்றது, விளக்குகளும் அணைந்தன. என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங்கிற்கும் பிரேக்கிற்கும் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஸ்டியரிங் கல்லாய் இறுகிற்று. பிரேக் மிதி காலுக்கு வளையவில்லை. பின்னால் வந்த லாரியின் ஒலிப்பான் காதைப் பிளந்தது. வலப்புறம் ஒதுங்கி அது எங்களைக் கடந்தபோது எழுந்த காற்றில் வண்டியே அதிர்ந்தது. உம்மாவின் உதடுகள் கலிமாவை முணுமுணுத்தன. இளையவள் அழவும் மறந்து என் சட்டையைப் பற்றியிருந்தாள். சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். உம்மாவை உட்கார வைக்க ஒரு கல்கூட இல்லை.

இழுத்துவரப்பட்ட வண்டியை அண்ணாச்சி மறுநாள் பிரித்தார். என்னையும் அருகில் நிற்கச் சொன்னார். தரைவிரிப்பைத் தூக்கினார், அடியில் வெளிர்ந்த வண்டல் படிந்திருந்தது. இருக்கைகளைத் தாங்கும் தண்டவாளங்களில் துரு ஏறியிருந்தது. பின்னிருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அக்கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரிந்தது. மின்கம்பிகள் சேரும் இணைப்புகளைக் கழற்றிக் காட்டினார். செப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. நீர் புகுந்த இணைப்புகள் ஒரே நாளில் கெடுவதில்லை, மாதக்கணக்கில் அரிக்கும். ஈரம் கூடினால் தொடர்பு அறும், உலர்ந்தால் மீளும். பட்டறையில் நோய் மறைந்ததன் காரணம் அதுவே.

மற்றொன்றையும் காட்டினார். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எங்கள் வண்டியில் அது எரிந்ததே இல்லை. குறை தெரியாதிருக்க எவரோ அவ்விளக்கின் இணைப்பைத் துண்டித்திருந்தனர். விபத்து நேர்ந்திருந்தால் காற்றுப்பை விரிந்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு, “சார், இது ஓடுன வண்டி இல்ல, மெதந்த வண்டி” என்றார்.

நான் தலைகுனிந்தேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை யார் மறக்க இயலும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. தாமிரபரணி கரைகடந்து ஊர்களுக்குள் புகுந்தது. மாணாக்கரோடு அரிசிப் பொட்டலங்களைச் சுமந்து நானும் அத்தெருக்களில் நடந்தேன். கூரை வரை மூழ்கிய கார்களை இக்கண்களால் கண்டேன். ஐந்து மாதம் கழித்து, தூத்துக்குடிப் பதிவெண் கொண்ட வண்டியின் முன் நின்றபோது அந்நினைவு எனக்கு வரவில்லை. வண்டியிலிருந்த காப்பீட்டுப் பத்திரத்தை அன்றுதான் படித்தேன். இழப்பீடு கோராதவர்க்கு ஆண்டுதோறும் கிடைக்கும் தள்ளுபடி, 2024 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்ட அப்பத்திரத்தில் சுழியமாக இருந்தது. முந்தைய ஆண்டில் இழப்பீடு கோரப்பட்டிருக்கலாம் என்பதற்கு அதுவே போதிய குறிப்பு. மல்லிகை மணம் ஏன் கமழ்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

தரகரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சினக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “நீங்க கேக்கலியே சார்” என்றார். அது உண்மை. எழுத்தில் ஒரு வரிகூட நான் வாங்கியிருக்கவில்லை.

கம்பித் தொகுதி முழுவதையும் மாற்றினாலன்றி வண்டியை நம்ப இயலாது என்றார் அண்ணாச்சி. அச்செலவுக்கு என்னிடம் வழியில்லை. விற்றுவிட முடிவு செய்தேன். இங்கேதான் என் சோதனை தொடங்கிற்று. “உள்ளதைச் சொன்னா எவன் மச்சான் வாங்குவான்? நமக்கு யாரும் சொன்னாங்களா?” என்றார் மைத்துனர். அவருடைய கேள்வியில் நியாயம் இருப்பதுபோலவே பட்டது.

வண்டியைக் காண வந்தவர் என் பழைய மாணவர். துணைவியோடும் ஆறு மாதக் குழந்தையோடும் வந்திருந்தார். 5,10,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். முன்மூடியைக்கூடத் திறக்கவில்லை. “நீங்க வச்சிருந்த வண்டி சார். இதுல பாக்க என்ன இருக்கு?” என்றார். நான் வாய் திறக்கவில்லை. நாளை முடிவு செய்யலாம் என்று மட்டும் கூறி அனுப்பினேன். அந்தத் தொகை கிடைத்தால் தம்பியின் கடன் தீரும். வளையல்களில் பாதியாவது மீளும். அன்றிரவு என் மனம் அக்கணக்கையே போட்டுக்கொண்டிருந்தது.

மேலப்பாளையத்தில் கைலி வாணிகம் செய்தவர் என் வாப்பா. நெசவில் இழை அறுந்த துணிகளைத் தனியே பிரித்து, கரையில் சிவப்பு நூல் ஒன்றை முடிந்து வைப்பார். வாங்குபவர் கேட்குமுன் அம்முடிச்சைத் தொட்டுக் காட்டி, விலையைக் குறைத்துச் சொல்வார். சிறுவனாகிய எனக்கு அது பிழைக்கத் தெரியாத செயலாகத் தோன்றியதுண்டு. அங்காடியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காத வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை, வெள்ளி மேடைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். என் வீட்டு வாசலில் நின்றதும் மழையில் நனைந்த பண்டமே. மேலே மட்டும் உலர்ந்தது.

இவையெல்லாம் நினைவுக்கு வந்தும் என் மனம் ஊசலாடியது என்பதே உண்மை. அதை நிறுத்தியவர் உம்மா. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்தவர், விழித்திருந்த என்னைக் கண்டு காரணம் கேட்டார். சொன்னேன். “அந்தப் பச்சப்புள்ளையும் அந்த ரோட்டுலதான நிக்கணும்?” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தொழப் போய்விட்டார்.

காலையில் ஒரு தாளில் குறைகளை எழுதினேன். ஒன்பது வந்தன. மாணவரை அழைத்துக் கையில் கொடுத்தேன். படித்து முடித்து நெடுநேரம் பேசாமல் நின்றார். “சார், நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் விடையில்லை.

பின்னர் அண்ணாச்சியின் வழியாக, உதிரிப் பாகங்களுக்காக வண்டிகளைப் பிரிப்பவர் ஒருவருக்கு 3,20,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். பதிவை நீக்குமாறு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த பிறகே சாவியைக் கைமாற்றினேன். பழுது பார்த்த 1,20,000 ரூபாயையும் சேர்த்தால் எனக்கு இழப்பு 4,75,000 ரூபாய். இதனை எண்ணும்போது மனம் நிறைவடைகிறது என்று எழுதினால் அது பொய்யாகும். தம்பியின் கடனை இன்னும் தவணையாகவே அடைத்து வருகிறேன். உம்மா மீண்டும் வாடகைக் காரில்தான் மதுரைக்குச் செல்கிறார்.

சென்ற ஆண்டு இறுதியில் அம்மாணவர் மீண்டும் வந்தார். வேறொரு வண்டியைப் பார்க்கப் போவதாகவும், நானும் உடன்வர வேண்டும் என்றும் அழைத்தார். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு சென்றோம். என்ஜினை முன்னதாகச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தார் மாணவர். குளிர்ந்த என்ஜினில்தான் குறை தெரியும். புகையின் நிறத்தைப் பார்த்தார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ஓயாத கருமை என்றால் எரிபொருளோ காற்றோ அளவு தவறுகிறது. அந்த வண்டி 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கு உட்பட்டது. அத்தகைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள் குறுந்தொலைவே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும் என்று அண்ணாச்சி எச்சரித்தார். தொலைவுமானி காட்டிய எண்ணைப் பழைய பழுதுபார்ப்பு ரசீதுகளோடு ஒப்பிட்டனர். மிதிகளின் ரப்பர் தேய்ந்திருந்த அளவையும் நோக்கினர். குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் அது வழவழத்திருந்தால் ஐயத்திற்கு இடமுண்டு.

தாள்களை நான் சரிபார்த்தேன். பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு உள்ளதா, இருந்தால் அதனை நீக்கும் படிவம் 35 உண்டா என்று பார்த்தேன். உரிமை மாற்றத்திற்குரிய 29, 30 ஆகிய படிவங்களில் கையொப்பம் வாங்கினோம். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன். வெள்ளத்திலோ விபத்திலோ சிக்கவில்லை என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டோம். அவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். இடப்பக்கக் கதவு ஒரு முறை அடிபட்டு வண்ணம் பூசப்பட்டதையும் தாமே சேர்த்து எழுதினார்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். மாணவர் மட்டும் வண்டிக்குத் திரும்பிச் சென்று, பின்னிருக்கைப் பட்டையைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்த்தார். அங்கே சேறு இல்லை.