காலின் கொடை

உறுப்புகளுள் கடைசியாகவே காலை நாம் கருதிப் பழகியிருக்கிறோம். பிறர்மேல் அது பட்டுவிட்டால் பதறிப்போகிறோம். அந்தக் காலே முகத்தைக் காத்ததை எம் சேவுகம்பட்டியில் கண்டோம்.

வத்தலகுண்டுப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள். வேடசந்தூர்ப் பக்கத்தில் புகையிலை வயல்கள். இரண்டையும் சேர்த்து மெல்வது எம் சீமையின் நெடுநாள் வழக்கம். அவ்வாறு மென்ற எம் உறவினர் பெரியவருக்குக் கன்னத்தில் தோன்றிய புற்று, கீழ்த்தாடை எலும்பிலும் பரவியது. தாடையின் ஒரு பகுதியை நீக்கியாக வேண்டும் என்றனர் மருத்துவர்கள். “இந்த முகத்தோடு நாலு பேர் நடுவே எப்படி உட்காருவேன்?” என்று கலங்கினார் அவர்.

விடை அவர் காலிலேயே இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்புகள் இரண்டு. உடற்பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது தடித்த உள்ளெலும்பு. மெலிந்த வெளியெலும்பின் நடுப்பகுதியை எடுத்தாலும் மனிதன் நடக்கலாம். 1975-இல் மெல்போர்ன் நகரத்து அயன் டெய்லர் குழுவினர், இவ்வெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து மறுகாலில் பொருத்திய செய்தியை வெளியிட்டனர். 1989-இல் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹிடால்கோ அதனைக் கொண்டு தாடை அமைத்ததை எழுதினார். எலும்பை ஆங்காங்கே வெட்டித் தாடையின் வளைவுக்கு இணக்கி, உலோகத் தகட்டால் பிணைப்பர். அதன் குழாய்களை நுண்ணோக்கியின் துணையால் கழுத்துக் குழாய்களோடு தைப்பர். குருதி பாய்ந்தால் எலும்பு பிழைக்கும், தடைப்பட்டால் மடியும்.

பெரியவர் இன்று சற்றே தாங்கி நடக்கிறார். குழைந்த சோறு உண்கிறார். சபையில் அமர்ந்து பேசுகிறார். அறிவியலின் இவ்வருஞ்செயலைப் போற்றும் மாணவச் செல்வங்களே! நம் இல்லத்துத் தாம்பூலத் தட்டிலிருந்து புகையிலையை அகற்ற அறுவை மருத்துவர் வேண்டியதில்லை. நம் கையே போதும்.