நீலகிரி இலையும் நம் வீட்டுத் தூளும்

தமிழர் வீடுகளில் காபிக்கு நடக்கும் உபசாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையைப் பார்த்து வாங்குவதும், பதமாக வறுப்பதும், டிகாக்ஷன் இறங்கும் வரையில் பொறுமையுடன் காத்திருப்பதும் ஒரு பூஜைக்குரிய சிரத்தையுடன் நடைபெறுகின்றன. தேயிலைக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. தூளைப் பாலோடு கொதிக்கவிட்டு, சர்க்கரையைக் கொட்டி இறக்கினால் காரியம் முடிந்தது. இத்தனைக்கும் பெயர்பெற்ற தேயிலைச் சீமை ஒன்று நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது. தூளாவதற்கு முன் அது இலையாக இருந்த கோலத்தைக் காண விரும்புவோர் ஒரு முறை குன்னூருக்குப் போய் வர வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுவதே உத்தமம். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட பாதை இது. கல்லாறு வரையில் பாக்குத் தோப்புகளின் நடுவே சாதுவாகச் செல்லும் வண்டி, அதற்கப்பால் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு மலையேறத் தொடங்குகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தை நோக்கிச் செல்லச் செல்லக் காற்றின் சுபாவமே மாறிவிடுகிறது. காட்டு மரங்கள் விலகி, சரிவெல்லாம் ஒரே உயரத்தில் கத்தரித்த பச்சைச் செடிகள் தென்பட்டால், குன்னூர் வந்துவிட்டது என்று தெரிந்து கொள்ளலாம்.

இந்தச் செடி நீலகிரியின் சொந்தப் பயிர் அன்று. 1830-களில் கேத்தியில் பரீட்சை பார்த்தார்கள். பிறகு 1860-களில் வியாபாரத்துக்கான தோட்டங்கள் பரவின. நம் காலத்துச் சரித்திரமும் இதில் கலந்திருக்கிறது. 1964-ஆம் வருஷத்து சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசாங்கத் தேயிலைத் தோட்டத் திட்டம் இங்கே துவக்கப்பட்டது. அதுவே பின்னால் ‘டான்டீ’ என்னும் கழகமாயிற்று. இலங்கை மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களின் சந்ததியார், கடல் தாண்டி வந்து இந்த மலையிலும் அதே கொழுந்தைக் கிள்ளினார்கள்.

கொழுந்து என்பது இரண்டு இளம் இலையும் ஒரு குருத்தும் சேர்ந்தது. நல்ல தேயிலைக்கு அதை மட்டுமே கையால் கிள்ள வேண்டும். கத்தரியோ இயந்திரமோ கொண்டு வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முற்றிய இலையும் காம்பும் கூடவே வந்து சேரும். நாலு கிலோவுக்குக் குறையாத பச்சை இலை இருந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பனிக்காலத்தில் செடி மெதுவாகத் துளிர்க்கிறது. அந்தச் சமயத்துக் கொழுந்துக்கு மணம் அதிகம் என்பது மலைவாசிகள் எல்லோரும் அறிந்த விஷயம்.

தொழிற்சாலைக்குள் நுழைந்தால் அந்த வாசனையே தனி. பறித்த இலையைப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ காற்றில் வாடவிடுகிறார்கள். பழைய முறையில், வாடிய இலையை உருளை இயந்திரத்தில் இட்டு முறுக்குகிறார்கள். சாறு வெளிப்பட்டுக் காற்றுப் பட்டதும் பச்சை நிறம் செம்புநிறமாகிறது. பிறகு சூடான காற்றில் உலர்த்திச் சலிக்கிறார்கள். முழு இலை, உடைந்த இலை, குறுநொய், கடைசியில் தூள் என்று தரம் பிரிகிறது. 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய ‘சி.டி.சி.’ முறையோ வேறு மாதிரி. பல் வைத்த உருளைகளுக்கிடையே இலையை நசுக்கிக் கிழித்துக் குறுமணியாகச் சுருட்டிவிடுகிறது. குறுமணியும் தூளும் சீக்கிரம் சாயம் இறங்கும், கடுப்பும் கொடுக்கும், குறைந்த செலவில் நிறையக் கோப்பை காணும். ஏழை எளியவர்களுக்குத் தெருமுனையிலே சூடாக ஒரு வாய் கிடைப்பது அவற்றாலேதான். ஆகையால் அவற்றைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் மலையின் மணம் தங்குவது இலையிலேதான்.

இலைத் தேயிலையைப் புதிதாகப் பழக விரும்பும் குடும்பத்தினர் முதலில் நூறு கிராம் வாங்கினால் போதும். இலை கறுத்து முறுக்கேறி இருக்க வேண்டும். பொட்டலத்தின் அடியில் பொடி தங்கியிருக்கக் கூடாது. ஒரு கோப்பைக்குச் சுமார் இரண்டு கிராம், அதாவது சிறு கரண்டியால் குவித்து ஒன்று. பாத்திரத்தை வெந்நீரால் அலம்பி, இலையைப் போட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி மூட வேண்டும். இலையை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைக்கலாகாது. கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம். ஐந்துக்கு மேல் போனால் கசப்பு ஏறும். இலை விரிய இடம் வேண்டுமாகையால், சிறு வடிகட்டிக்குள் அடைக்காமல் பாத்திரத்தில் தாராளமாக விட்டுப் பிறகு வடிகட்டுங்கள். முதல் வாய் பாலும் சர்க்கரையும் இல்லாமல் அருந்திப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் பால் சேர்க்கலாம். அதே இலைக்கு மறுபடி வெந்நீர் வார்த்தால் இரண்டாம் முறையும் ருசி தரும். நீலகிரித் தேயிலை ஆறினாலும் எளிதில் கலங்காது. வெயில் காலத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து குளிரவைத்தும் பருகலாம். மிச்ச இலையை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பெருங்காய டப்பாவின் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்!

இது நாவின் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. நீலகிரியில் பெரிய தோட்டங்கள் போக, பல்லாயிரம் சிறு விவசாயிகள் இந்தச் செடியை நம்பியே பிழைக்கிறார்கள். 1990-களின் இறுதியில் தேயிலை விலை விழுந்தது முதல், பசுந்தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு அவர்கள் முறையிட்டு வருகிறார்கள். இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை இப்போது குடிப்பவர்கள் நாமே. ஆகவே அன்னியர் மீது பழி போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. மலிவான தூளையே நாம் கேட்டுக் கொண்டிருந்தால், முற்றிய இலையைக் கலக்காமல் கொழுந்தாகப் பார்த்துப் பறிக்கிறவனுக்கு அதிகப்படி கூலி எங்கிருந்து வரும்? நல்ல இலைக்கு நம் ஊரிலேயே கிராக்கி உண்டானால்தான் பொறுக்கிப் பறிக்கும் கைக்கு மதிப்பு உண்டாகும்.

காபியைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் காபி இருக்கட்டும். மாலையில் ஒரு வேளையாவது, நம் மலையின் இலைக்கு மூன்று நிமிஷப் பொறுமையைக் கொடுத்துப் பாருங்கள்.